ஆப்பிரிக்காவில் இஸ்லாம் பரவியது கத்தியாலா? கடவுளாலா?

இஸ்லாம் மதம் உலகத்தில் எப்படிப் பரவிற்று என்று கேட்டால் இரண்டுவிதமான பதில்கள் எப்போதும் தயாராக இருக்கின்றன. ஒரு சாரார், "கத்தியைக் கழுத்தில் வைத்துப் பரப்பப்பட்டது" என்கிறார்கள். மற்றொரு சாரார், "ஆண்டவனுடைய அருளினால் பரவிற்று" என்கிறார்கள். முதல் பதிலைச் சொல்லுகிறவர்களுக்கு, ஒரு மனிதன் தானாகவே யோசித்து, மனமொப்பித் தன் பழைய மதத்தை விட்டு வெளியேறியிருப்பான் என்று ஒப்புக்கொள்ளச் சங்கடமாயிருக்கிறது. இரண்டாவது பதிலைச் சொல்லுகிறவர்களுக்கோ, மனிதனுடைய வியாபாரம், வரி, படிப்பு, மானம் ஆகியவைகளுக்கும் மதமாற்றத்திற்கும் சம்பந்தம் உண்டு என்று ஒப்புக்கொள்ளச் சங்கடமாயிருக்கிறது. சரித்திரமானது இந்த இருவருடைய சங்கடத்தையும் இலட்சியம் செய்வதில்லை.

இந்த வழக்கைத் தீர்த்துக்கொள்ள நாம் ஆப்பிரிக்காக் கண்டத்தை எடுத்துக்கொள்ளுவோம். அந்தக் கண்டத்தில் இஸ்லாம் நுழைந்து 1,400 வருஷங்கள் ஆகின்றன. அங்கே அது படையோடும் போயிருக்கிறது. வியாபாரப் பொதியோடும் போயிருக்கிறது. பள்ளிக்கூடப் பலகையோடும் போயிருக்கிறது. அடிமைச் சங்கிலியோடும் போயிருக்கிறது. எந்த வழியில் போனபோது என்ன பலன் ஏற்பட்டது என்று ஒத்துப்பார்ப்பதற்கு அதைவிடத் தக்க இடம் கிடைப்பது அரிது.

முதன்முதலில் அங்கே போனவர்கள் படை வீரர்களல்ல, அகதிகள். மக்காவில் துன்புறுத்தப்பட்ட ஒரு சிறு கூட்டத்தார் 615-ம் வருஷ வாக்கில் செங்கடலைக் கடந்து, அபிசீனியாவின் கிறிஸ்தவ அரசனிடம் அடைக்கலம் புகுந்தார்கள் என்பது முஸ்லிம்களே நன்றியோடு சொல்லிவரும் வரலாறாகும். படை போனது அதற்குப் பிறகுதான்.

படை பிடித்ததும் பிடிக்காததும்

639-ம் வருஷக் கடைசியில் அம்ர் இப்னுல் ஆஸ் என்னும் அராபியத் தளபதி எகிப்து தேசத்தில் நுழைந்தார். 642-க்குள் அலெக்சாந்திரியா நகரமும் அராபியர் வசமாகிவிட்டது. "பார்த்தீர்களா, கத்திதானே!" என்று சிலர் துள்ளக்கூடும். நாட்டைப் பிடித்தது கத்தி என்பதில் நமக்கு ஆட்சேபணையே இல்லை. ஆனால் நாட்டைப் பிடிப்பது வேறு. மனதைப் பிடிப்பது வேறு. அராபியர் ஆட்சி ஏற்பட்ட பிறகும் பல நூற்றாண்டுகள் வரையில் எகிப்தியக் குடிகளில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்களாகவே இருந்து வந்தார்கள். இன்றைக்கும் காப்டியக் கிறிஸ்தவர்கள் அங்கே இலட்சக்கணக்கில் வாழ்கிறார்கள்.

இதற்குக் காரணம் கருணை மட்டுமே என்று எண்ணிவிடக் கூடாது. முஸ்லிம் அல்லாதவர்கள் ஜிஸ்யா என்னும் தலைவரி கட்ட வேண்டும். எல்லோரும் முஸ்லிமாகிவிட்டால் அந்த வரியைக் கட்டுவது யார்? ஆகவே, ஜனங்கள் கூட்டங்கூட்டமாக மதம் மாறுவதில் பொக்கிஷ அதிகாரிகளுக்கு அவ்வளவு அவசரமில்லை. மதம் மாறிவிட்டவர்களிடம்கூட அந்த வரியை விடாமல் வாங்கிய கவர்னர்கள் இருந்தார்கள். 717 முதல் 720 வரை ஆண்ட இரண்டாம் உமர் என்ற கலீபா, அப்படி வாங்கக் கூடாதென்று தடுக்க வேண்டியதாயிற்று. ஆண்டவன் பேரால் நாட்டைப் பிடித்தவர்களுக்கும் பணப்பெட்டியின் மேல்தான் கண்ணிருந்தது என்பது இதனால் விளங்கும்.

எகிப்துக்கு மேற்கே நடந்தது இதைவிட முக்கியமானது. 670-ல் உக்பா இப்னு நாபி என்பவர் இன்றைய துனிசியாவில் கைரவான் நகரை ஒரு படை வீடாக அமைத்தார். அங்கிருந்த பெர்பர் மக்கள் நெடுங்காலம் எதிர்த்துப் போராடிவிட்டுப் பிறகு இஸ்லாத்தில் சேர்ந்தார்கள். 711-ல் ஸ்பெயின் மேல் சென்ற படையில் பெரும்பாலோர் இந்தப் பெர்பர்களே. சண்டையில் முன்வரிசை இவர்களுக்குக் கிடைத்தது. ஆனால் சம்பளத்திலும் கொள்ளைப் பங்கிலும் கடைசி வரிசைதான் கிடைத்தது. முஸ்லிம்களான பிறகும் அவர்களிடம் அநியாய வரி கேட்கப்பட்டது, அடிமைகளும் கேட்கப்பட்டார்கள்.

ஆகவே 740-ம் வருஷத்தில் டாஞ்சியரில் பெர்பர்கள் கலகம் செய்தார்கள். அந்தக் கலகக்காரர்கள், "எங்களுக்கு இஸ்லாம் வேண்டாம்" என்று சொல்லி எழவில்லை. "நாங்களும் முஸ்லிம்கள்தானே, எங்களுக்கு ஏன் சமபாகம் இல்லை?" என்றுதான் எழுந்தார்கள். தலைவனாக வருகிறவன் அராபியனாக இருக்க வேண்டியதில்லை, தகுதியுள்ள எந்த முஸ்லிமும் தலைவனாகலாம் என்று சொன்ன காரிஜியர் என்னும் பிரிவினரின் போதனை அவர்களுக்குக் கை கொடுத்தது. அதன் பலனாக, வடமேற்கு ஆப்பிரிக்காவின் பெரும்பாகம் கலீபாவின் கையைவிட்டு நழுவிப்போயிற்று. மதம் நிலைத்தது, அந்த மதத்தைக் கொண்டுவந்தவர்களின் எஜமானத்தனம் நிலைக்கவில்லை.

தெற்கே நூபியாவிலோ கத்தி செல்லவே இல்லை. அந்நாட்டு வில்லாளிகள் அராபியப் படையைத் தடுத்து நிறுத்திவிட்டார்கள். 652-ல் இரு தரப்பாரும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். நூபியக் கிறிஸ்தவ அரசன் வருஷந்தோறும் அடிமைகளைக் கொடுப்பது, எகிப்திலிருந்து தானியம் முதலிய சரக்குகளைப் பெறுவது என்பது அதன் சாரம். சுமார் 600 வருஷங்கள் அந்த ஏற்பாடு ஏதோ ஒரு விதமாக நடந்து வந்தது. 1317-ல்தான் டொங்கோலாவில் அரசனுடைய கொலுமண்டபம் மசூதியாயிற்று. அத்தனை காலமும் இரண்டு மதத்து அரசர்களும் சமாதானமாக இருந்தார்கள் என்று பெருமையாகச் சொல்லலாம். அந்தச் சமாதானத்தின் விலையைக் கொடுத்தவன் அடிமை!

ஒட்டகமும் உப்பும்

இனி, சகாரா பாலைவனத்திற்குத் தெற்கே செல்லுவோம். அங்கே எந்த அராபியச் சைனியமும் நாட்டைப் பிடித்து உட்காரவில்லை. அப்படியிருக்க, அங்கே கோடிக்கணக்கான முஸ்லிம்கள் இருப்பது எப்படி?

பாலைவனத்திற்குத் தெற்கே தங்கம் இருந்தது, உப்புக்குப் பஞ்சம். பாலைவனத்தின் நடுவே டகாசா என்ற இடத்தில் உப்புப் பாறை இருந்தது. வடக்கே தங்கத்திற்குப் பசி இருந்தது. ஆகவே ஒட்டகக் கூட்டங்கள் இரண்டு மாதத்திற்குக் குறையாத பிரயாணம் செய்து போய்வந்தன. ஒருவனிடம் சரக்கை ஒப்புவித்துவிட்டு, அவன் திரும்பி வருகிறவரையில் காத்திருக்க வேண்டிய வியாபாரம் அது. நடுவில் போலீசும் இல்லை, கோர்ட்டும் இல்லை. இந்நிலையில், இன்ன பங்கு இன்னாருக்கு என்று எழுதி வைப்பதற்கு ஓர் எழுத்தும், மோசம் செய்தவனை விசாரிப்பதற்கு இரு முனையிலும் ஒரே சட்டமும், முன்பின் தெரியாதவனை நம்புவதற்கு ஓர் அடையாளமும் தேவையாயிருந்தன. இந்த மூன்றையும் இஸ்லாம் கொடுத்தது. வியாபாரி அதை எடுத்துக்கொண்டான். அவனுக்கு மோட்சத்தின் மேல் ஆசை இருந்திருக்கலாம். ஆனால், கணக்குச் சரியாக இருக்க வேண்டும் என்ற ஆசை அதற்குக் குறைந்ததல்ல.

1068-ல் ஸ்பெயின் தேசத்திலிருந்த அல் பக்ரி என்ற ஆசிரியர், பிரயாணிகளைக் கேட்டுக் கானா ராஜ்யத்தைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். இந்தக் கானா, இன்று அதே பெயருள்ள தேசமல்ல. அதற்கு வடமேற்கே, இன்றைய மௌரிடானியா, மாலி தேசங்களின் எல்லைப் புறத்தில் இருந்த பழைய ராஜ்யமாகும். அதன் தலைநகரம் இரண்டு ஊர்களாயிருந்ததாம். ஒன்றில் முஸ்லிம்கள், அதில் 12 மசூதிகள். மற்றொன்றில் அரசனும் அவனது பழைய தெய்வங்களும். அரசன் முஸ்லிமல்ல, ஆனால் அவனுடைய பொக்கிஷதாரரும், மொழிபெயர்ப்பவர்களும், மந்திரிகளில் பெரும்பாலோரும் முஸ்லிம்கள். ஏனென்றால் அவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியும். இங்கே கத்தி எங்கே இருக்கிறது? இருந்தால் அது அரசனிடமல்லவா இருந்தது?

அதே ஆசிரியர் மற்றொரு கதையும் சொல்லுகிறார். மலல் என்ற நாட்டில் வருஷக்கணக்கில் மழையில்லை. பூசாரிகள் மாடுகளைப் பலிகொடுக்கச் சொன்னார்கள். மாடுகள் ஏறக்குறைய ஒழிந்துபோயின; மழை வரவில்லை. அரசனிடம் விருந்தாளியாக வந்திருந்த ஒரு முஸ்லிம், "என் மதத்தை ஏற்றுக்கொண்டால் நான் உமக்காகத் தொழுகிறேன்" என்றார். அரசன் ஒப்புக்கொண்டான். இருவரும் இரவெல்லாம் தொழுதார்களாம். விடியும்போது மழை கொட்டிற்றாம். உடனே அரசன் விக்கிரகங்களை உடைத்து, மந்திரவாதிகளை நாட்டைவிட்டு ஓட்டினான்.

நாம் சொல்லுவதென்னவென்றால், மாட்டை வெட்டினாலும் மழை வராது. இரவெல்லாம் தொழுதாலும் மழை வராது. வருகிற காலத்தில் அது வரும். வந்த நாளில் யார் பக்கத்தில் நின்றாரோ அவருக்குப் பெயர். வராத நாட்களில் யார் நின்றாரோ அவருக்குக் கெட்ட பெயர். ஆயினும், அந்த ஆசிரியரே கடைசியில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறார்: அரசனும் அவன் வம்சத்தாரும் பிரபுக்களும் முஸ்லிமானார்களே தவிர, சாதாரண ஜனங்கள் பழைய மதத்திலேயே இருந்தார்களாம். மழை எல்லோருடைய வயலிலும்தான் பெய்தது. அற்புதம் மட்டும் அரண்மனைக்குள் பெய்தது போலும்!

மாலி ராஜ்யத்தின் மன்சா மூசா கதை இன்னும் தெளிவானது. இவர் 1324-ல் மக்கா யாத்திரை போகிற வழியில் கெய்ரோவில் வாரி இறைத்த தங்கத்தால், அந்நகரில் தங்கத்தின் விலையே இறங்கிப்போயிற்று என்று அல் உமரி என்னும் எழுத்தாளர் குறித்திருக்கிறார். அவ்வளவு பக்தியுள்ள அரசர் தங்கம் எடுக்கும் ஜனங்களை முஸ்லிமாக்கினாரா? இல்லை. அந்த ஊர்களில் தொழுகை அழைப்புக் கேட்கத் தொடங்கினால் தங்கம் குறைந்துபோகிறதென்றும், ஆகவே அவர்களை அவர்களுடைய பழைய மதத்திலேயே விட்டுவைத்துக் கப்பம் மட்டும் வாங்கி வருவதென்றும் மாலி அரசர்கள் முடிவு செய்திருந்தார்களாம். இதையும் அந்த எழுத்தாளரே சொல்லுகிறார். தங்கம் மண்ணுக்குள் மதம் பார்த்து ஒளிந்துகொள்ளுமா? மதம் மாற்ற வந்தால் சுரங்கத்தார் வேலையை நிறுத்தியிருப்பார்கள் என்பதே நம் அபிப்பிராயம். எப்படியிருந்தாலும், தங்கத்திற்கும் மதத்திற்கும் போட்டி வந்தபோது ஜெயித்தது தங்கம்தான்.

எழுத்தும் பெண்களும்

வியாபாரியின் பின்னால் உபாத்தியாயர் வந்தார். இதைத்தான் நாம் மிகப் பெரிய மாறுதல் என்று கருதுகிறோம். டிம்பக்டு நகரத்தில் சங்கோரே மசூதியைச் சுற்றிப் பெரிய கல்விக் கூட்டம் வளர்ந்தது. அங்கே மற்றச் சரக்குகளைவிடப் புத்தகங்களில்தான் அதிக இலாபம் என்று, 16-ம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் போய்வந்த லியோ ஆப்பிரிக்கானஸ் என்பவர் எழுதியிருக்கிறார். அரபு எழுத்தைக் கற்றவர்கள் அதை வைத்து ஹவுசா, ஃபுலானி, சுவாஹிலி முதலிய தங்கள் சொந்தப் பாஷைகளையும் எழுதத் தொடங்கினார்கள்.

அந்நாட்டு மக்கள் கொடுத்ததையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார்கள் என்றும் எண்ணக் கூடாது. 1352, 1353-ல் மாலிக்குச் சென்ற மொராக்கோ பிரயாணி இப்னு பதூதா, அங்கே வழிப்பறிப் பயம் இல்லாததையும், இறந்துபோன அந்நியனுடைய சொத்தைக்கூட யாரும் தொடாமல் உரியவருக்காக வைத்திருப்பதையும் வாயாரப் புகழுகிறார். ஆனால், பெண்கள் முகத்தை மூடாததையும், ஆண்களோடு சிநேகமாகப் பேசிக்கொண்டிருப்பதையும் கண்டு முகம் சுளிக்கிறார். வலாட்டா என்ற ஊரில் சொத்து, மகனுக்குப் போகாமல் சகோதரி மகனுக்குப் போவதைக் கண்டு திகைக்கிறார். அவர்கள் ஐந்து வேளை தொழுகிறவர்கள். அப்படியிருந்தும் இப்படியா என்பது அவருடைய ஆச்சரியம். நமக்கோ அதில் ஆச்சரியமில்லை. தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு வேண்டாததை ஒதுக்கி வைக்கும் புத்தி அந்த மக்களுக்கு இருந்தது.

இந்த வியாபாரிகளிடையே அல் ஹாஜ் சாலிம் சுவாரி என்பவருடைய போதனை ஒன்று வழங்கி வந்தது. பிறரைப் பலாத்காரமாக மதம் மாற்றக் கூடாது. மத யுத்தம் கூடாது. அரசாங்கப் பதவிகளுக்கு ஆசைப்படக் கூடாது. படித்து, நேர்மையாக நடந்து, நாலு பேருக்கு உதாரணமாக இருந்தால் போதும் என்பது அதன் கருத்து. மேற்கு ஆப்பிரிக்காவின் உட்பகுதிகளில் இஸ்லாம் பரவியதற்கு எந்த அரசனுடைய வாளையும்விட இவ்விதக் கூட்டத்தார் அதிகக் காரணம்.

கீழ்க்கரையிலும் இப்படியேதான். கென்யாக் கரையோரத் தீவொன்றில் ஷங்கா என்ற பழைய ஊரைத் தோண்டிப் பார்த்ததில், 8-ம் நூற்றாண்டிலேயே மரக்கம்பங்கள் நட்டுக் கட்டிய சிறிய மசூதி இருந்ததற்கு அடையாளம் கிடைத்திருக்கிறது. சில வியாபாரிகள் கூடித் தொழுத குடிசை அது. கில்வா, மொம்பாசா முதலிய கல் நகரங்கள் அதற்குப் பின்னால் வந்தவை.

சமத்துவம் எந்தப் படியில் நின்றது?

இதுவரை சொன்னதைக் கேட்டு, "பார்த்தீர்களா, எங்கள் மதத்தின் பெருமையை" என்று முஸ்லிம் பண்டிதர்கள் சந்தோஷப்படக்கூடும். அவர்களும் மேற்கொண்டு படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுகிறோம்.

1591-ல் மொராக்கோ சுல்தான் துப்பாக்கிப் படையைப் பாலைவனத்தின் வழியே அனுப்பி, டொண்டிபி என்ற இடத்தில் சாங்காய் ராஜ்யத்தை முறியடித்தார். அடித்தவரும் முஸ்லிம், அடிபட்டவரும் முஸ்லிம். டிம்பக்டுவின் பெரிய பண்டிதர் அகமது பாபா கைதியாக்கப்பட்டு மராகேஷ் நகருக்குக் கொண்டுபோகப்பட்டார். தம்முடைய 1,600 புத்தகங்கள் போய்விட்டன என்று அவர் வருந்தினார். மதம் ஒன்று என்பதால் தங்கத்தின் மேல் வைத்த கண்ணைச் சுல்தான் எடுத்துவிடவில்லை.

இந்த அகமது பாபா, ஊர் திரும்பிய பிறகு 1615-ம் வருஷ வாக்கில், அடிமைகளைப் பற்றிக் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு ஒரு சிறு நூலாகப் பதில் எழுதினார். கருப்பு நிறத்தவர் அடிமையாகவே பிறந்தவர்கள் என்று சிலர் பழைய கதைகளைக் காட்டிப் பேசி வந்ததை அவர் அடியோடு மறுத்தார். நிறம் அடிமைத்தனத்திற்குக் காரணமாகாது என்று எழுதினார். ஐரோப்பியர்கள் கருப்பு மக்களை ஆடுமாடுகளைப் போல் கப்பலேற்றிக்கொண்டிருந்த காலத்தில் இப்படி எழுதியவரை நாம் மனதாரப் பாராட்டுகிறோம். ஆனால் அவரே, முஸ்லிமல்லாதவனை யுத்தத்தில் பிடித்தால் அடிமையாக வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அதாவது நிறத்தின் வாசலை அடைத்துவிட்டு, மதத்தின் வாசலைத் திறந்து வைத்தார். பிடிக்கிறவன் கையில் அதிகாரம் இருக்கும்போது, யார் முஸ்லிம், யார் முஸ்லிமல்ல என்று தீர்மானிக்கிறவனும் அவனேயல்லவா?

இது வீண் சந்தேகமல்ல. 1804-ல் ஹவுசா நாட்டில் உஸ்மான் டான் ஃபோடியோ என்பவர் அரசர்களுக்கு விரோதமாகப் போர் தொடுத்தார். அநியாய வரி, லஞ்சம், சுதந்தர முஸ்லிம்களையே அடிமைகளாக விற்பது ஆகியவை அவர் சொன்ன குற்றச்சாட்டுகள். ஏழைகள் அவர் பின்னால் திரண்டார்கள். பெண்களுக்குக் கல்வி வேண்டும் என்று அவர் எழுதினார். அவருடைய மகள் நானா அஸ்மாவு பெண் உபாத்தியாயர்களைத் தயார் செய்து கிராமங்களுக்கு அனுப்பினார். இவையெல்லாம் மெச்சத்தக்கவை. ஆனால் அந்தப் போரில் பிறந்த சொகோட்டோ ராஜ்யம் என்ன ஆயிற்று? அடிமைகளை வைத்துப் பயிரிடும் பெரிய ராஜ்யங்களில் ஒன்றாயிற்று. கீழ்க்கரையில் சான்சிபார் தீவிலோ, ஓமான் சுல்தான்கள் கிராம்புத் தோட்டங்களை அடிமைகளின் வியர்வையால் வளர்த்தார்கள். அங்கே அடிமைச் சந்தை மூடப்பட்டது 1873-ல். அடிமைமுறை சட்டத்தில் ஒழிந்தது 1897-ல்.

இதைச் சொல்லும்போது கிறிஸ்தவப் பாதிரிகள் கை தட்ட வேண்டியதில்லை. அட்லாண்டிக் சமுத்திரத்தில் ஒரு கோடியே இருபது இலட்சத்திற்கு மேற்பட்ட ஆப்பிரிக்கர்களைக் கப்பலேற்றியவர்கள் பைபிள் படித்தவர்களே. பிரெஞ்சு சர்க்கார் தங்கள் குடியேற்ற நாடுகளில் 1848-ல் அடிமைத்தனத்தை ஒழிப்பதற்கு இரண்டு வருஷம் முந்தியே, 1846-ல், துனிசியாவின் முஸ்லிம் அரசர் அதை ஒழித்துவிட்டார். மௌரிடானியாவிலோ 1981-ல்தான் அடிமைமுறை சட்டத்தில் ஒழிக்கப்பட்டது; அடிமை வைத்திருப்பது குற்றம் என்று ஆனது 2007-ல். ஒரே வேதத்தை வைத்துக்கொண்டு ஒருவர் 1846-லும் மற்றொருவர் 2007-லும் அந்த முடிவுக்கு வந்தார்களென்றால், முடிவு வேதத்திலிருந்து வந்ததா, மனிதனுடைய அறிவிலும் கிளர்ச்சியிலுமிருந்து வந்ததா?

வெள்ளைக்காரன் செய்த உபகாரம்!

கடைசியாக ஒரு வேடிக்கை. மேற்கு ஆப்பிரிக்காவில் இஸ்லாம் மிக வேகமாகப் பரவியது சுல்தான்கள் காலத்திலல்ல. பிரிட்டிஷாரும் பிரெஞ்சுக்காரரும் ஆண்ட காலத்தில்தான். ரயிலும் ரோடும் வந்தன. வியாபாரியும் போதகரும் முன் போகாத ஊர்களுக்கும் போனார்கள். வட நைஜீரியாவை 1903-ல் பிடித்த பிரிட்டிஷார், எமீர்களைக் கொண்டே ஆளுவது சௌகரியமென்று கண்டு, பாதிரிகளை அங்கே தாராளமாக நுழைய விடவில்லை. செனகாலில் அமது பம்பா என்ற போதகரைக் கண்டு பயந்த பிரெஞ்சு சர்க்கார், 1895-ல் அவரைக் காபோனுக்கு நாடு கடத்தினார்கள். 1902-ல் திரும்பியபோது அவர் முன்னைவிடப் பெரியவராகிவிட்டார். பழைய அரசர்கள் வீழ்ந்து, அடிமைகள் விடுதலையாகி, போக்கிடமில்லாமல் நின்றவர்கள் அநேகர் அவரிடம் சேர்ந்தார்கள். அங்கே அவர்களுக்கு நிலமும் கூட்டமும் ஒரு மரியாதையும் கிடைத்தன. ஆனால் போதகர்களின் வேர்க்கடலை வயலில் சீடர்கள் கூலியில்லாமல் பாடுபடுவதும் அங்கேயே ஆரம்பமாயிற்று. எஜமானனை விட்டு ஓடிவந்தவன் குருவின் வயலில் குனிந்தான்.

ஆகவே நாம் முதலில் கேட்ட கேள்விக்கு ஆப்பிரிக்கா தரும் பதில் இதுதான். கத்தி நாட்டைப் பிடித்தது, ஜனங்களைப் பிடிக்கவில்லை. கடவுள் வந்து யாரையும் மாற்றியதாகவும் தெரியவில்லை. எழுத்தும், சட்டமும், நம்பிக்கையான வியாபாரமும், "நீயும் எனக்குச் சமம்" என்ற ஒரு வாக்கும் எங்கே கிடைத்தனவோ அங்கே ஜனங்கள் தாங்களாகவே போனார்கள். பணத்திற்காகப் போனான், பயத்திற்காகப் போனான் என்று அவர்களை இகழுகிறவர்கள், அவர்கள் விட்டுவந்த இடத்தில் அவர்களுக்கு என்ன மரியாதை இருந்தது என்று முதலில் சொல்லட்டும்.

ஆனால், கொடுத்த வாக்கு தானாக நிறைவேறவில்லை என்பதையும் அதே சரித்திரம் சொல்லுகிறது. 740-ல் பெர்பர்கள் எழுந்து கேட்டபோதுதான் கிடைத்தது. கேட்க வலுவில்லாத அடிமைக்குக் கிடைக்கவில்லை. எந்த மதத்தையும் அதன் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து மதிப்பிடுவதைவிட, அதில் கடைசியாக வந்து சேர்ந்த ஏழை எங்கே உட்கார வைக்கப்பட்டான், அவன் மனைவி மக்கள் என்ன ஆனார்கள் என்று பார்த்து மதிப்பிடுவதே அறிவுடைமையாகும். ஒரு மதத்தை விட்டவனும், ஒரு மதத்தில் சேர்ந்தவனும், எதிலும் சேராதவனும் இந்த ஒரு கேள்வியை விடாமல் கேட்டுவர வேண்டும் என்பதே நமது ஆசை.